வன்னியில இருந்தபடி இணையவழியில இராஜதந்திர முதுகலை: எந்தப் பிராந்தியத்தை எடுக்கிறது?

வட்டக்கச்சியாள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தில ஒரு பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தர். யாழ்ப்பாணக் கம்பஸில அரசறிவியல் படிச்சனான். சர்வதேச இராஜதந்திரத்தில முதுகலை செய்யோணும் எண்டது கனநாள் ஆசை. பொதுவா ஒரு சர்வதேச உறவுகள் பட்டம் இல்லை, ஒரு பிராந்தியத்தை மையமா எடுத்து ஆழமாப் படிக்கிற பட்டம்.

அம்மாவுக்குச் சுகமில்லை, கூட நிக்க வேற ஆளும் இல்லை. கொழும்பில பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையத்துக்கோ கொழும்புக் கம்பஸுக்கோ கிழமைக்குக் கிழமை போய்வாறது எனக்கு நடக்காது. அதால இணையவழி மட்டும்தான்.

தேடினதில ரெண்டு கண்ணில பட்டுது. லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகம் உலக இராஜதந்திரத்தில இணையவழி முதுகலை நடத்துது. அதைத் தெற்காசியா, மத்திய கிழக்கும் வட ஆபிரிக்காவும் எண்டு பிராந்தியமாப் பிரிச்சு வைச்சிருக்கினம். மற்றது டிப்ளோ பவுண்டேசன் மோல்ட்டா பல்கலைக்கழகத்தோட சேந்து நடத்திற சமகால இராஜதந்திர முதுகலை. மனம் தெற்காசியாவிலதான் நிக்குது. எங்கட கதை முழுக்க அதுக்குள்ளதானே.

ஆராவது இப்பிடிப் படிச்சவை இருக்கிறீங்களோ? இஞ்ச இருந்து சமாளிக்கலாமோ? பட்டத்தை அரசாங்கம் ஏற்குமோ? முக்கியமா, படிச்சு என்ன செய்யலாம்?

இரணைமடு இடதுகரை:

தங்கச்சி, நான் இப்ப ஒரு பிரித்தானியப் பல்கலைக்கழகத்தில இணையவழியா இதுக்குக் கிட்டின ஒரு முதுகலை செய்துகொண்டிருக்கிறன். தெற்காசியாதான் என்ர பிராந்தியமும்.

அங்கத்தை முதுகலை எண்டா 180 கிரெடிட். அதில மூண்டில ஒரு பங்கு அளவில ஆய்வுக் கட்டுரைக்குப் போகும். மிச்சம் பாடங்கள். எல்லாத்தையும் ஒரேயடியா எடுக்கத் தேவையில்லை. வேலை செய்யிற ஆக்கள் ஒரு நேரத்தில ஒரு பாடம் எடுத்து ரெண்டு மூண்டு வருசத்தில முடிக்கினம். காசையும் அப்பிடியே பாடத்துக்குப் பாடம் கட்டலாம்.

ஒவ்வொரு கிழமையும் வாசிக்கச் சாமான் வரும், விரிவுரை வீடியோ வரும், கலந்துரையாடல் பக்கத்தில எழுதோணும், அதுக்கும் புள்ளி இருக்கு. வீடியோவை நேரம் கிடைக்கேக்க இறக்கி வைச்சுப் பாக்கலாம். லைன் கட்டாயம் வேணுமெண்டா நேரடிக் கருத்தரங்குக்குத்தான். லண்டனில பின்னேரம் ஆறு மணிக்கு வைச்சா மாரியில எங்களுக்கு இரவு பதினொண்டரை, அவையின்ர கோடையில பத்தரை. வீட்டில எல்லாரும் படுத்த பிறகு குசினி மேசையில இருந்து கதைக்கிறன். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கோ, கரண்ட் போனாலும் கருத்தரங்கு அறாது.

படிப்பு எப்பிடி எண்டதுக்கு ஒரு வேலையைச் சொல்லுறன். நீங்கள் நேபாள வெளியுறவு அமைச்சில தெற்காசிய மேசை அலுவலர். அமைச்சர் நாளைக்கு டில்லிக்குப் போறார். அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதோணும். 1950 சமாதான நட்புறவு ஒப்பந்தம் இருக்கு, 2020இல நேபாளம் காலாபானி, லிபுலேக்கைச் சேத்து வெளியிட்ட புது வரைபடம் இருக்கு. எல்லாத்தையும் அறிஞ்சிருக்கோணும், ஆனா எழுதிறது ஒரு பக்கம்தான். மேல நாங்கள் என்ன கேக்கிறம், அடுத்து அவை என்ன கேப்பினம், பிறகு எதில இறங்கலாம், எதில இறங்கேலாது. வரலாறு கடைசியில ஒரு பந்தி. கம்பஸில நாங்கள் பரீட்சைக்கு எழுதினதுக்கு நேர் எதிர். எனக்கு இந்தப் பட்டத்தில கிடைச்ச பெறுமதியான பழக்கம் இதுதான்.

முள்ளியவளை ரீச்சர்:

பிள்ளை, உமது ஆசையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மண்ணில் இராஜதந்திரிகளைக் கண்ணால் கண்டவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என ஐந்து நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். ஏ9 பாதை திறந்தது. கிளிநொச்சிக்கு வெள்ளை வாகனங்கள் வராத கிழமை இல்லை. தாய்லாந்தில் பேசினார்கள், ஒஸ்லோவில் பேசினார்கள், பெர்லினில் பேசினார்கள், ஜப்பானில் ஹக்கோனேயில் பேசினார்கள். 2003 யூனில் டோக்கியோவில் உதவி வழங்கும் நாடுகள் கூடின. பிறகு 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. 2008 ஜனவரியில் உடன்படிக்கையே முடிந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போனபோது, போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்றது. நானும் நின்றேன்.

இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு அனுபவசாலிகள் வந்தும் எங்களுக்கு நடந்தது நடந்தது. இந்தப் பட்டம் உமக்கு எதைத் தரும் என்று நினைக்கிறீர்?

இரணைமடு இடதுகரை:

ரீச்சர், நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். அந்த வாசல் என்ர நினைவிலயும் இருக்கு.

நான் படிக்கத் தொடங்கினதே நீங்கள் கேட்ட கேள்வியாலதான். 2006 மே மாசம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப் பட்டியலில போட்டுது. ஒன்றியத்தில உறுப்பா இருக்கிற நாடுகளின்ர கண்காணிப்பாளர்கள் இனி நடுநிலையில்லை எண்டு புலிகள் சொல்ல, சுவீடன், டென்மார்க், பின்லாந்து மூண்டும் விலகினது. மிஞ்சினது நோர்வேயும் ஐஸ்லாந்தும். ஆளணி அரைவாசிக்கும் கீழ வந்தது. பிரசெல்ஸில எடுத்த ஒரு முடிவு ஓமந்தைக்கு வடக்க கண்காணிக்கிற ஆக்களைக் குறைச்சது. இந்தத் தொடர்பு அப்ப எங்கட ஊரில எத்தினை பேருக்கு விளங்கினது? எனக்கு விளங்கேல்லை, நான் பள்ளிக்கூடப் பெடியன். விளங்கின ஆக்கள் எங்கட பக்கத்தில கூட இருந்திருந்தா எல்லாம் மாறியிருக்கும் எண்டு சொல்ல வரேல்லை. ஆனா என்ன நடக்குது எண்டு தெரியாமலே ஒரு சனம் முழுக்க அதுக்குள்ள அகப்பட்டது. அது திரும்ப நடக்கக் கூடாது.

கொக்கிளாய்க் கரை:

இந்தப் பட்டத்தில கடல் படிப்பிப்பினமோ? எங்களுக்கு இராஜதந்திரம் எண்டா இழுவைப் படகுதான்.

எங்கட மீனவர் சங்கக் கூட்டத்தில வாறவை எல்லாரும் கச்சதீவு, கச்சதீவு எண்டுதான் கதைக்கிறவை. 1974 ஒப்பந்தம் பாக்கு நீரிணையில கோடு போட்டது. முல்லைத்தீவுக் கடல் வங்காள விரிகுடாப் பக்கம், அதுக்குக் கோடு போட்டது 1976 மார்ச் ஒப்பந்தம். அதே மாசம் ரெண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் மாத்திக்கொண்ட கடிதத்திலதான் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில தொழில் செய்யக் கூடாது எண்டு வருது. 1974 ஒப்பந்தத்தின்ர 5ஆம் பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் கச்சதீவுக்கு வந்து போகலாம் எண்டு சொல்லுது. 6ஆம் பிரிவு ரெண்டு நாட்டுப் படகுகளுக்கும் வழமையா இருந்த உரிமை தொடரும் எண்டுது. தமிழ்நாட்டுக்காரர் 74ஐப் பிடிச்சுக்கொண்டு கதைக்கினம், கொழும்பு 76ஐப் பிடிச்சுக்கொண்டு கதைக்குது. எங்கட சங்கத்தில இந்த ரெண்டையும் பக்கத்தில வைச்சு வாசிச்ச ஆள் ஒருத்தர்கூட இல்லை. நான் இணையத்தில தேடி இறக்கி, அகராதியோட இருந்து வாசிச்சன்.

2016இல ரெண்டு நாடும் மீன்பிடிக்கெண்டு கூட்டுச் செயற்குழு அமைச்சது. 2017இல இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால தடை செய்தது. அந்த மேசையில கரைவலைக்காரன், சிறுபடகுக்காரன் பக்கத்தை ஆர் எழுதிக் குடுக்கிறது? அதுக்கு ஒரு ஆள் வேணும். தெற்காசியாவை எடுங்கோ தங்கச்சி.

இரணைமடு இடதுகரை:

கடல் சட்டம் கட்டாயம் வரும் அண்ணை. 1982 ஐ.நா. கடல் சட்டச் சமவாயம் இல்லாமல் இந்து சமுத்திரத்தைப் படிப்பிக்கேலாது. அந்த மாநாட்டுக்கு 1973இல இருந்து 1980இல காலமாகும் வரைக்கும் தலைவரா இருந்தவர் இலங்கையின்ர ஷேர்லி அமரசிங்க. எங்கட நாட்டிலயே அது கன பேருக்குத் தெரியாது.

தர்மபுரம் பேரன்:

கொக்கிளாய் அண்ணன் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் தாத்தா, அப்பாயி மலையகத்திலிருந்து 77 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்கள். தர்மபுரம் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள்.

1964 ஒக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று இரண்டு பிரதமர்களும் பாதியாகப் பிரித்தார்கள். யாருடைய தலையை எண்ணினார்களோ அவர்களிடம் எந்த நாடு வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதும் முன் யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் தாத்தாவின் தம்பி இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக் கூடலூருக்குப் போனார். தாத்தா விண்ணப்பமே போடவில்லை. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அப்பாயியின் பெயரில் குடியுரிமை என்று ஒரு காகிதம் வீட்டுக்கு வந்தது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார்.

வன்னியில் எங்களைப் போன்ற குடும்பங்கள் எத்தனையோ ஆயிரம். ஆனால் வன்னியின் கதை சொல்லும்போது இந்த ஒப்பந்தத்தை யாரும் சேர்ப்பதில்லை. அக்கா தெற்காசியா எடுத்தால் ஆய்வுக் கட்டுரைக்கு இதை எடுங்கள். ஒப்பந்தம் பற்றி டில்லியிலும் கொழும்பிலும் இருந்து எழுதியவர்கள் உண்டு. அதன் பிறகு வன்னிக்கு வந்து சேர்ந்தவர்கள் பக்கத்திலிருந்து எழுதுவது குறைவு. எங்கள் ஊரில் பேசக்கூடிய வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழைத்துப் போக நான் வருகிறேன்.

பம்பைமடு:

எல்லாரும் பிராந்தியம் கதைக்கிறீங்கள். நான் காசும் கடதாசியும் கதைக்கிறன். வவுனியாவில நிர்வாகப் பக்கம் வேலை செய்யிற ஆள், ஒவ்வொரு வருசமும் இந்தப் பிரச்சினையோட வாற பிள்ளையளைக் காணுறன்.

அங்கீகாரம்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எண்டா யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, தான் ஏற்கிற சர்வதேசப் பட்டியலில பேர் இருக்கோ எண்டு பாக்கும். சேர முந்தியே யூஜிசிக்கு எழுதி, பட்டத்தின்ர பேரையும் இணையவழி எண்டதையும் சொல்லி, எழுத்தில பதில் எடுங்கோ. வாய்ச்சொல் வேண்டாம்.

படிநிலை: எங்கட தேசிய தகைமைச் சட்டகத்தில பாடநெறி மட்டும் உள்ள முதுகலை 9ஆம் படி, ஆய்வும் சேந்தது 10ஆம் படி. பின்னுக்கு விரிவுரையாளராப் போற எண்ணம், கலாநிதிப் பட்டம் எண்ட எண்ணம் இருந்தா ஆய்வுக் கட்டுரை உள்ளதைத்தான் எடுக்கோணும். சில இணையவழிப் பட்டங்களில கட்டுரைக்குப் பதிலா ரெண்டு பாடம் எடுக்க விடுவினம். லேசாக் கிடக்கே எண்டு அதை எடுத்தா பிறகு கதவு அடைபடும்.

காசு: பிரித்தானியப் பட்டம் எண்டா பவுணில ஐந்து இலக்கத் தொகை வரைக்கும் போகும். ரூபாவில பெருக்கிப் பாத்தா உங்கட சம்பளத்தில கட்டி முடிக்க வருசங்கள் எடுக்கும். சீவ்னிங் புலமைப்பரிசில் நல்லது, ஆனா பிரித்தானியாவில போய் இருந்து படிக்கிறதுக்கு மட்டும்தான், இணையவழிக்குக் குடுக்கமாட்டினம். பொதுநலவாய நாடுகளுக்கெண்டு தூரக்கல்விப் புலமைப்பரிசில் ஒண்டு தனியா இருக்கு. எந்த நாடு, எந்தப் பட்டம் எண்ட பட்டியல் வருசத்துக்கு வருசம் மாறும். அதை முதல்ல பாருங்கோ, பிறகு பிராந்தியத்தைத் தெரிவு செய்யுங்கோ.

இன்னொண்டு. முகப்புத்தகத்தில ஆறு மாசத்தில இராஜதந்திர முதுகலை எண்டு விளம்பரம் போடுற இடங்களும் இருக்கு. அங்க காசு கட்டிப்போட்டு வந்து அழுத பிள்ளையளைக் கண்டிருக்கிறன். பட்டம் குடுக்கிறது எந்தப் பல்கலைக்கழகம் எண்ட பேர் சான்றிதழில இருக்குமோ எண்டு கேளுங்கோ. மழுப்பினா விட்டிட்டு வாங்கோ.

வட்டக்கச்சியாள்:

பம்பைமடு அண்ணா, கோடி நன்றி. யூஜிசிக்கு நாளைக்கே எழுதிறன். தர்மபுரம் தம்பி, நீங்கள் எழுதினது மனசை என்னவோ செய்தது.

ரீச்சர், உங்களுக்கு இப்ப பதில் எழுத வரேல்லை. யோசிக்கிறன்.

மாங்குளம் சந்தி:

அக்கா, செயலகத்தில எந்தப் பிரிவில இருக்கிறீங்கள் எண்டு சொல்லேல்லையே. நான் கண்ணிவெடி அகற்றிற நிறுவனமொண்டில இருக்கிறன். இலங்கை 2017 டிசம்பரில கண்ணிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேந்த பிறகு, எங்களிட்ட இருந்த நில அளவுக் கணக்கெல்லாம் அந்த உடன்படிக்கைக்குப் பதில் சொல்லுற கணக்கா மாறினது. முகமாலைக்குத் தூதுவர்மார் வந்து பாத்திட்டுப் போவினம். அவைக்கு விளக்கம் குடுக்கிற ஆக்களில நானும் ஒருத்தன். எனக்கு எண்டா இந்தப் பட்டத்தில ஆயுதக் களைவுப் பக்கம்தான் பிரயோசனம். உங்களுக்கு எது எண்டது நீங்கள் நாளாந்தம் தொடுற வேலையைப் பொறுத்தது.

வட்டக்கச்சியாள்:

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பிரிவு தம்பி. வீட்டுப் பணிக்குப் போற பெண்களின்ர குடும்பப் பின்னணி அறிக்கை எழுதினது கனகாலம் என்ர வேலை.

விசுவமடுச் செல்வி:

அப்பிடியெண்டா நீங்கள் மத்திய கிழக்கை எடுங்கோ அக்கா. தெற்காசியாவை ஆரும் எடுப்பினம்.

என்ர பெரியம்மா குவைத்தில இருந்தவ. சம்பளம் மாசக்கணக்கா வரேல்லை, வீட்டை விட்டு வெளிக்கிட்டு எங்கட தூதரகத்தில போய் நிண்டவ. அங்க தன்னைப் போல கனபேர் நிண்டதெண்டு சொன்னவ. திரும்பி வர எவ்வளவு பாடு. தூதரகத்தில தமிழ் கதைக்கிற ஆளைத் தேடித் தேடி அலைஞ்சதா இண்டைக்கும் சொல்லுவா. எங்கட ஊரில ஒழுங்கைக்கு ஒரு வீட்டில ஆரோ ஒருத்தர் அங்க. எங்கட சனத்துக்குத் தூதரகம் தேவைப்படுறது ஜெனீவாவில இல்லை, அங்க.

கொக்கிளாய்க் கரை:

செல்வி, மத்திய கிழக்கு முக்கியம், மறுக்கேல்லை. ஆனா எங்கட அரசியலும் கடலும் நிலமும் முடிவாகிற இடம் டில்லியும் கொழும்பும். ஒரு பிள்ளை இவ்வளவு காசு போட்டு, நித்திரை முழிச்சுப் படிக்கப் போகுது. அதை எங்கட அடிப்படைப் பிரச்சினைக்குப் படிக்கட்டும்.

இரணைமடு இடதுகரை:

அண்ணை, ரெண்டையும் அப்பிடி வெட்டிப் பிரிக்கேலாது. 2021 மார்ச்சில ஜெனீவா மனித உரிமைப் பேரவையில இலங்கை பற்றின 46/1 தீர்மானம். ஆதரவு 22, எதிர்ப்பு 11, வாக்களிக்காமல் விட்டது 14. எல்லாரும் இந்தியா வாக்களிக்கேல்லை எண்டதைத்தான் கதைச்சினம். அந்த 14இல பஹ்ரைன், லிபியா, சூடான், மொரித்தானியா நாலும் இருக்கு. நாலும் அரபு நாடுகள். கொவிட்டில இறந்த முஸ்லிம்களை எரிச்ச விசயத்தில இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு அதுக்கு முந்தியே கவலை சொல்லியிருந்தது. பாகிஸ்தானும் வங்காளதேசமும் கொழும்போட நிண்டது. அரபுலகம் எப்பிடி நினைக்குது எண்டு தெரிஞ்ச தமிழர் எங்களிட்ட எத்தினை பேர்? டில்லியைப் பற்றிக் கதைக்க ஆக்கள் நிறைய. ரியாத், தோஹா, அபுதாபியைப் பற்றிக் கதைக்கச் சொல்லுங்கோ பாப்பம்.

நான் தெற்காசியா எடுத்த ஆள், ஆனாலும் சொல்லுறன். தங்கச்சியின்ர மேசையில இருக்கிற அந்த அறிக்கைகள் லண்டனில இருக்கிற ஒரு பேராசிரியரிட்டையும் இருக்காது.

வட்டக்கச்சியாள்:

எல்லாருக்கும் சேத்து எழுதிறன். கொஞ்சம் நீளும்.

குடும்பப் பின்னணி அறிக்கை 2013இல வந்தது. அந்த வருசம் ஜனவரியிலதான் வீட்டுப் பணிக்குப் போன மூதூர்ப் பிள்ளை றிசானா நபீக்குக்குச் சவூதியில மரணதண்டனை நிறைவேற்றினவை. அறிக்கைக்கு வந்த பெண்கள் முதல்ல கதிரையின்ர நுனியில இருப்பினம். கடவுச்சீட்டு, பிள்ளையின்ர பிறப்புப் பதிவு, கிராம சேவகரின்ர கடிதம் எல்லாம் ஒரு உடுப்புக்கடைப் பையுக்குள்ள. நான் பிள்ளையைப் பாக்கிற ஆர், அவவுக்கு வயசென்ன, சுகமென்ன எண்டு கேக்கவேண்டியிருந்தது. அம்மம்மா எண்டு சொல்லுவினம். அம்மம்மாவும் பக்கத்தில இருப்பா, கண் பாதி தெரியாது. புருசன் 2009இல காணாமல் போனவர் எண்டு ஒரு வரியில சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பினம். நான் சிபார்சு செய்யேல்லை எண்டா அவை கொழும்பில வேற வழியாப் போவினம், பதிவில்லாமல். சிபார்சு செய்தா என்ர கையெழுத்தில அந்தப் பிள்ளை தாயில்லாமல் நிக்கும். இதை நான் எவரிட்டையும் கதைக்கிறேல்லை.

நீங்கள் சொன்ன பிறகு, இரவு இருந்து தேடி வாசிச்சன். குடிபெயர் தொழிலாளர் பற்றின 1990ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தில இலங்கை 1996இல சேந்திருக்கு. வளைகுடா நாடு ஒண்டும் சேரேல்லை. ஆனா எகிப்து, மொரோக்கோ, அல்ஜீரியா சேந்திருக்கினம், ஏனெண்டா அவையும் ஆக்களை வெளிய அனுப்புற நாடுகள். ஒரே பிராந்தியம் எண்டு நாங்கள் நினைக்கிறதுக்குள்ள ரெண்டு பக்கம். 2003இல கொழும்பில தொடங்கின கொழும்புச் செயன்முறையில ஆக்களை அனுப்புற ஆசிய நாடுகள் கூடினது. 2008இல அபுதாபி உரையாடலில எடுக்கிற நாடுகளும் சேந்தது. இதெல்லாம் நான் நிரப்பிற படிவத்துக்கு மேல எங்கையோ நடந்துகொண்டிருக்கு. அலுவலகத்தில ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரேல்லை.

1963 வியன்னா தூதரகச் சமவாயத்தின்ர 36ஆம் பிரிவையும் வாசிச்சன். வெளிநாட்டில ஒருத்தரைப் பிடிச்சு வைச்சா, அவர் கேட்டால் அவரின்ர தூதரகத்துக்கு அறிவிக்கோணும், தூதரக ஆக்கள் போய்ப் பாக்க விடோணும். அந்த உரிமை இருக்கெண்டதையும் அவருக்குச் சொல்லோணும். 2019இல சர்வதேச நீதிமன்றம், பாகிஸ்தானில பிடிபட்ட இந்தியர் குல்பூஷன் ஜாதவின்ர வழக்கில பாகிஸ்தான் இதை மீறினதெண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கு. என்ர முன்னால இருந்து எழும்பிப் போற ஒரு பெண்ணுக்கும் இந்த உரிமை தனக்கு இருக்கெண்டு தெரியாது.

ரீச்சர், நீங்கள் கேட்டது என்ன தரும் எண்டு. எனக்கு இப்ப தெரியிற அளவில இதுதான். நான் கையெழுத்து வைக்கிற கடதாசி எங்க போகுது, ஆர் அதை வாசிக்கினம், அங்க எந்தச் சட்டம் அந்தப் பெண்ணைத் தாங்கும், எந்தச் சட்டம் தாங்காது எண்டு தெரியோணும். தெரிஞ்சா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் அமைச்சுக்கும் இஞ்ச இருந்து எழுதலாம். இப்ப எழுத எனக்குப் பாசை இல்லை.

முள்ளியவளை ரீச்சர்:

பிள்ளை, இது நான் கேட்டதற்கு நேரான பதில். வெள்ளை வாகனத்தில் வந்தவர்களிடம் எங்கள் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கும் தெரியும். 36ஆம் பிரிவை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதித் தாரும். இங்கே கடைத்தெருவில் வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டுப் படம் எடுக்கும் கடை உண்டு, அங்கே வைக்கலாம். பட்டம் கிடைக்கும் வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் நான் இன்னும் மாறவில்லை. இணையவழியில் அறிவு வரும், ஆட்கள் பழக்கம் வராது. இராஜதந்திரம் ஆட்களால் நடப்பது. கொழும்பில் படிப்பவர்களுக்குக் கூடப் படித்தவன் நாளை அமைச்சில் இருப்பான்.

இரணைமடு இடதுகரை:

அது உண்மை ரீச்சர், இணையவழியில இது குறைதான். ஆனா என்ர வகுப்பில நேபாளத்தில அரச வேலை செய்யிறவர் ஒருத்தர், நைரோபியில உதவி நிறுவனத்தில ஒருத்தி இருக்கினம். கொழும்பில இருந்தா அவையைச் சந்திச்சிருக்க மாட்டன். பேச்சுவார்த்தைப் பயிற்சியில ரெண்டு கிழமை அந்த நேபாளக்காரரோட மல்லுக்கட்டினது, இப்பவும் செய்தி அனுப்பிக் கதைக்கிறம். பழக்கம் வேற மாதிரி வருது.

மாங்குளம் சந்தி:

மொழியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. பட்டம் முழுக்க ஆங்கிலம். ஆனா மத்திய கிழக்கு எடுத்தா அரபு கொஞ்சமாவது வேணும், இல்லையெண்டா ஆங்கிலத்தில எழுதினவையின்ர கண்ணாலதான் பாப்பீங்கள். திரும்பி வந்த பெண்கள் கனபேர் வீட்டு அரபு நல்லாக் கதைப்பினம். அவையிட்ட பழகலாம். அமைச்சுக்கு எழுதிறதெண்டா சிங்களமும் வேணும் அக்கா.

விசுவமடுச் செல்வி:

பெரியம்மா படிப்பிப்பா. கேட்டிட்டன். சந்தோசமா ஓம் எண்டவ.

தர்மபுரம் பேரன்:

அக்கா மத்திய கிழக்கு எடுத்தால் எனக்கு வருத்தமில்லை. எங்கள் ஊரிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். ஒப்பந்தக் கதையை நானே எழுதப் பார்க்கிறேன். இரணைமடு அண்ணன், சேர முன் இலவசமாக வாசிக்க ஏதாவது வழி உண்டா?

இரணைமடு இடதுகரை:

ஜேஸ்டோரில இலவசக் கணக்குத் திறந்தா மாசம் நூறு கட்டுரை வரைக்கும் இணையத்திலயே வாசிக்கலாம். ஒப்பந்தங்களின்ர மூலப் பிரதி இந்திய வெளிவிவகார அமைச்சின்ர தளத்திலயும் ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பிலயும் கிடக்கு. டிப்ளோ பவுண்டேசன் முதுகலைக்கு வெளிய தனித்தனிக் குறுங்கற்கையளும் நடத்துது, ஒரு பாடத்தைச் செய்து பாத்து இந்தப் படிப்பு ஒத்துவருமோ எண்டு அறியலாம். தம்பி, உங்கட அப்பாயியின்ர 2003ஆம் ஆண்டுச் சட்டக் கடதாசியை முதல்ல ஸ்கான் பண்ணி வையுங்கோ.

வட்டக்கச்சியாள்:

மத்திய கிழக்கும் வட ஆபிரிக்காவும் எண்டு முடிவெடுத்திட்டன். கொக்கிளாய் அண்ணா கோவிக்காதையுங்கோ. 74, 76 ரெண்டையும் பக்கத்தில வைச்சு உங்கட சங்கத்துக்கு ஒரு பக்கத்தில எழுதித் தாறன், அது இந்த மாசத்துக்குள்ள.

யூஜிசிக்கு எழுதியாச்சு. தூரக்கல்விப் புலமைப்பரிசிலின்ர இந்த வருசப் பட்டியல் பாத்துக்கொண்டிருக்கிறன். நோக்கக் கூற்று எழுதத் தொடங்கிறன். ரீச்சர், ஆங்கிலத்தில எழுதி அனுப்பினா பாத்துத் தருவீங்களோ?

கொக்கிளாய்க் கரை:

கோவமில்லை தங்கச்சி. அந்த ஒரு பக்கத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறன். சங்கக் கூட்டம் ஞாயிறு பின்னேரம், வாசிச்சுக் காட்ட நீங்களே வாங்கோ.

முள்ளியவளை ரீச்சர்:

அனுப்பும் பிள்ளை. குடும்பப் பின்னணி அறிக்கை எழுதிய மேசையை முதல் பந்தியிலேயே கொண்டுவாரும். எங்கள் துன்பம் என்று பொதுவாகத் தொடங்க வேண்டாம்.

பம்பைமடு:

யாழ்ப்பாணக் கம்பஸில பெறுபேற்றுப் பத்திரத்துக்கு இண்டைக்கே விண்ணப்பியுங்கோ. மூடிய உறையில நேரா தங்களுக்கு அனுப்பச் சொல்லி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்டிருந்தா அதை விண்ணப்பத்தில தெளிவா எழுதுங்கோ. சிபார்சுக் கடிதம் ஒண்டு படிப்பிச்சவரிட்ட, மற்றது உங்கட பிரதேச செயலாளரிட்ட. அரச உத்தியோகத்தர் எண்டபடியால் படிக்கிறதுக்கு அனுமதிக் கடிதமும் அதே நேரத்தில அவரிட்ட கேட்டு எடுங்கோ, ரெண்டு தரம் அலையத் தேவையில்லை.